குடியிருப்பு பெய்ரூட், ஓட்டு தாத்தா ஊரில்

தேர்தல் நாளில் பெய்ரூட் ஊருக்குக் கிளம்புகிறது. வடக்கே திரிப்போலி, தெற்கே சிதோன், மலை தாண்டி பெக்கா சமவெளி என்று கார்கள் பிரிகின்றன. பிறந்து வளர்ந்தது தலைநகரமானாலும், குடும்பம் பதிவான பூர்வீக ஊரில்தான் ஓட்டு. மணமான பெண்ணின் பெயர் கணவனின் ஊர்ப் பதிவேட்டுக்குப் போய்விடும், ஓட்டும் கூடவே.

லெபனானில் அங்கீகாரம் பெற்ற மதப்பிரிவுகள் 18. 1943 முதலான மரபுப்படி அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி, சபாநாயகர் ஷியா. 1975-ல் வெடித்த உள்நாட்டுப் போரை முடிக்க 1989-ல் ஏற்பட்ட தாயிஃப் உடன்பாடு, நாடாளுமன்றத்தைக் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. இன்று 128 இடங்களில் 64-64. மக்கள்தொகைக் கணக்கோ 1932-க்குப் பிறகு எடுக்கப்படவில்லை. எண்ணினால் பங்குத் தகராறு மூளும் என்ற பயம்.

இந்தப் பங்கீடு சண்டையை நிறுத்த உதவியது. ஆனால் நகரத்தின் குரலை ஊர் ஊராகச் சிதறடித்தது. 2020 ஆகஸ்ட் 4-ல் துறைமுகக் கிடங்கில் அமோனியம் நைட்ரேட் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2022 மே மாதம் பொதுத் தேர்தல் வந்தது. துறைமுகத்தை ஒட்டியே வசித்தாலும், வெளியூரில் பதிவானவர்களுக்கு பெய்ரூட்டின் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. பூர்வீக ஊரில் ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு அவர்கள் திரும்ப வேண்டியது அதே தெருவுக்கு.