அரைப்பேரும் ஏறுபலகையும்

விளையாட்டு விஞ்ஞானத்தில் பட்டப்பின்படிப்பு மேற்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டதும், ராகலையில் அம்மாணவியிடம் பலரும் கேட்பது எந்தப் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியையாக நியமனம் கிடைக்கும் என்பதே. கேள்வியில் தவறில்லை. லயத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற பிள்ளை பெரும்பாலும் ஆசிரியராகத் திரும்பி வருவதையே மலையகம் கண்டிருக்கிறது. மனித உடலின் களைப்பை அளந்து ஆராய்வதும் ஒரு படிப்புத்தான் என்பதை விளக்க, அவளுக்கு இன்னும் ஒரு சுருக்கமான வாக்கியம் வாய்க்கவில்லை.

இத்துறை மைதானத்தில் மட்டும் பிறந்ததன்று. 1927இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 1947 வரை இயங்கிய 'களைப்பு ஆய்வுகூடம்' அதன் வணிகக் கல்லூரியின் நிலவறையிலேயே அமைந்திருந்தது. தொழிலாளி ஏன் களைக்கிறான் என்ற வினாவும் ஓட்டவீரன் ஏன் களைக்கிறான் என்ற வினாவும் அங்கு ஒரே கூரையின் கீழ் ஆராயப்பட்டன. 1943இல் அங்கிருந்து வெளிவந்த ஏறுபலகைச் சோதனை எளிமையானது. 20 அங்குல உயரப் பலகையில் நிமிடத்துக்கு 30 தடவை வீதம் 5 நிமிடம் ஏறியிறங்கவேண்டும். பின்னர் நாடி எவ்வளவு விரைவில் தணிகிறது என்று எண்ணவேண்டும். பெண்களைச் சோதிக்கையில் பலகையின் உயரம் குறைக்கப்படும். மின்சாரமும் விலையுயர்ந்த பொறியும் வேண்டாத இச்சோதனை லயத்து முற்றத்துக்கு மெத்தப் பொருந்தும்.

நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு என்பதைப் பலர் அறியார். 1970களில், மருத்துவரான செனவிரத்னவும் கலிபோர்னியாவைச் சேர்ந்த எட்ஜேர்ட்டன், கார்ட்னர் முதலிய உடலியக்க ஆய்வாளரும் இணைந்து, இலங்கையில் குருதிச்சோகை உடையோரின் உழைப்பாற்றலை ஆராய்ந்தனர். ஈமோகுளோபின் குறையக் குறைய உழைப்பாற்றலும் குறைவதை 1977இல் வெளியான கட்டுரை காட்டியது. 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளிவந்த கட்டுரையோ கொழுந்து மலைக்கே சென்றது. இரும்புச்சத்து கொடுக்கப்பட்டு ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள், ஒரு மாதத்தின் பின் முன்னிலும் அதிகமாகக் கொழுந்து பறித்தனர். சோகை கடுமையாக இருந்தோரிடமே முன்னேற்றமும் கூடுதலாகத் தெரிந்தது.

மாணவி இக்கட்டுரையைப் பலமுறை படித்திருக்கிறாள். அதில் பெண்களின் பெயர்கள் இல்லை, ஆய்வொழுக்கம் அதுவே. ஆயினும் அக்காலத்துக் கொழுந்துக்காரிகள் இன்று அவளைப் போன்றோரின் பாட்டிமார். மாத்திரை கொடுத்தால் உற்பத்தி பெருகும் என்ற வாதம் நிர்வாகங்களை அசைக்கவல்லது, அதை இகழ்வதற்கில்லை. ஆனால் கிலோக்கணக்கில் பேசும்போது, பெண்ணுக்குத் திரும்பிய வலு முழுவதும் கூடைக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. மாலையில் விறகு உடைக்கவும், பிள்ளையுடன் சற்றே சிரித்துப் பேசவும் அவளிடம் என்ன எஞ்சுகிறது? அவளது ஆய்வு நிற்பது இவ்வினாவில்தான்.

தோட்டத்தில் களைப்புக்கு விலையுண்டு. குறித்த நிறை எட்டாதவளுக்கு அரைப்பேர். அதாவது நாள் முழுதும் மலையில் நின்றாலும் பாதிச் சம்பளம். இதனால், சோதனைக்கென ஒரு மணி நேரம் வந்துபோவதுகூட ஆபத்தாகலாம். ஞாயிற்றுக்கிழமை எனின் உடுப்புத் துவைக்கும் நாள். ஆய்வில் பெயருக்குப் பதிலாக எண் தரப்படும் என்று விளக்கியபோது, அது எவரையும் ஆறுதற்படுத்தவில்லை. செக்ரோலில் ஏற்கனவே எண்ணாக இருப்பவர்களுக்கு இன்னோர் எண் எங்கே போய்ச் சேரும் என்பதே அச்சம். குருதியில் சத்தில்லை என்று தொரைக்குத் தெரிந்தால் வேலை என்னாகும்? முடிவுகள் அலுவலகத்துக்குச் செல்லா என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்த பின்னரே சிலர் இணங்கினர்.

இவற்றைவிடக் கடினமாக அமைந்தது மொழி. சுவீடனின் குன்னார் போர்க் வகுத்த அளவுகோலில், ஒருவர் தம் உழைப்பின் கடுமையை 6 முதல் 20 வரையான எண்ணொன்றால் தாமே சொல்லவேண்டும். எண்களுக்கு எதிரே உள்ள சொற்களைத் தமிழாக்க அவள் முயன்றபோது, பல்கலைக்கழகத் தமிழில் யாவும் 'களைப்பு' என்ற ஒரே சொல்லில் அடங்கின. லயத்திலோ அசதி வேறு, மேல்வலி வேறு, கைகால் ஓய்ந்துபோதல் வேறு, 'கண்ணைக் கட்டிக்கொண்டு வருதல்' முற்றிலும் வேறு. கடைசியாகச் சொன்னது குருதிச்சோகையை மருத்துவர் விவரிப்பதற்கு மிக அண்மையானது. கோதுமை ரொட்டியும், இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் சாயத்தேநீரும் ஒருங்கே உண்ணப்படும் இடத்தில், களைப்புக்கு இத்தனை சொற்கள் வளர்ந்ததில் வியப்பில்லை. மேற்பார்வையாளர் முதலில் தயங்கினார். அனைத்துலக ஒப்பீடு கெட்டுவிடும் என்பது அவர் நியாயம். பின்னர், மூல அளவுகோலுடன் லயத்துச் சொற்களையும் தனி நிரலாகப் பதியலாம் என்றார்.

ஏறுபலகை தோட்டத்துத் தச்சர் செய்தது. பிள்ளைக்காம்பராத் திண்ணையில் அதைக் கண்டதும் ஒரு பெண் சிரித்தாள்: "ஏன் புள்ள, மலையில ஏறி எறங்குனது பத்தாதுன்னா இந்தப் பலகை?" சிரித்துக்கொண்டே முதலில் முன்வந்தவளும் அவளே. அளவுகோலை வாங்கி ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணுமே அசதி இல்லன்னா சைபர்தானே? இது ஏன் ஆறுல ஆரம்பிக்குது?"

ஓய்ந்திருக்கும் உடலின் நாடி நிமிடத்துக்கு 60 என்று கொண்டே போர்க் அவ்வாறு தொடங்கினார் என்று மாணவி விளக்கினாள்: ஆறு எனில் அறுபது.

"அப்ப என்னுதப் பாரு" என்று அப்பெண் கையை நீட்டினாள். பத்து நிமிடம் உட்காரவைத்து எண்ணியபோதும் 90ஐத் தாண்டியிருந்தது. மாணவி மறுபடியும் எண்ணினாள். அந்த எண்ணை இரு நிரல்களிலும் குறித்துக்கொண்ட பின்னரே பலகை முன்னால் இழுத்து வைக்கப்பட்டது.