54 ரூபாய் வரி... 20,000 ரூபாய் பாடம்!

தாம்பரத்துல பொறந்து வளர்ந்த யாரையாவது நிறுத்தி, ‘ஜி.எஸ்.டி.ன்னா என்ன?’னு கேட்டுப் பாருங்க. ‘ரோடு’ன்னுதான் பதில் வரும். கிராண்ட் சதர்ன் ட்ரங்க் ரோடு! 2017 ஜூலை 1-ம் தேதி அதே பேர்ல வரி வந்தப்போ, எங்க தெருத் தாத்தா ஒருத்தர், ‘ரோட்டுக்குமா வரி போடறாங்க?’னு நிஜமாவே கேட்டார். அந்த ரோட்டுலேர்ந்து ரெண்டு தெரு தள்ளி எங்க அப்பாவோட எலெக்ட்ரிக்கல் கடை. அந்த வரியை நான் நேருக்கு நேர் சந்திச்சது அங்கேதான்.

2022 டிசம்பர். நான் ப்ளஸ் டூ. அரையாண்டுப் பரீட்சை லீவு. அப்பா சாப்பிடப் போனா, கல்லாவுல நான் உட்காருவேன். (அந்த அரை மணி நேர கெத்தே தனி!) ஒருநாள் மத்தியானம் டி-ஷர்ட் போட்ட ஒரு அண்ணன் வந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கேட்டார். 354 ரூபாய். காசைக் கொடுத்தார், கல்லாவுல போட்டேன்.

‘‘அவ்வளவுதானா தம்பி?’’

‘‘அவ்வளவுதாண்ணா!’’

ரெண்டே நிமிஷம்... அதே அண்ணன் இன்னும் ரெண்டு பேரோட திரும்பி வந்தார். கையில் அடையாள அட்டை. வணிகவரித் துறை! ‘‘பில் எங்கே தம்பி?’’

இதுக்குப் பேர் ‘டெஸ்ட் பர்சேஸ்’னு அப்புறம்தான் தெரிஞ்சது. ஜி.எஸ்.டி. சட்டத்தோட 67-வது பிரிவுலயே இருக்கு. துறை அனுப்பற ஆள் சாதாரண கஸ்டமர் மாதிரி பொருள் வாங்கி, பில் தர்றாங்களான்னு பார்க்கலாம். அப்புறம் பொருளைத் திருப்பிக் கொடுத்து, காசையும் வாங்கிக்கலாம். வாங்கிக்கிட்டாங்க! பில் தராததுக்கு அபராதம், மத்திய சட்டப்படி 10,000, மாநில சட்டப்படி 10,000. ஆக மொத்தம் 20,000 ரூபாய். அந்த 354 ரூபாய்ல இருந்த வரி எவ்வளவு தெரியுமா? 18 சதவிகிதக் கணக்குல 54 ரூபாய்!

அப்பா பாதிச் சாப்பாட்டுல கை கழுவிட்டு ஓடி வந்தார். வந்தவங்க குரலை உயர்த்தலை. வேலையை முடிச்சு, கையெழுத்து வாங்கினாங்க. அப்பாதான் திரும்பத் திரும்ப, ‘‘சின்னப் பையன் சார், தெரியாமப் பண்ணிட்டான்’’னு சொல்லிட்டே இருந்தார். எனக்குச் சுருக்குனு இருந்தது. ஏன்னா, நான் தெரியாமப் பண்ணலை. தினமும் அப்பா பண்றதைப் பார்த்துதான் பண்ணேன்.

அன்னிக்கு ராத்திரி கேட்டுட்டேன். ‘‘நாம வரி ஏய்ப்பு பண்றோமாப்பா?’’

‘‘ஏய்ப்பெல்லாம் பெரிய வார்த்தைடா...’’ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே ஆரம்பிச்சார். பாரிமுனைப் பக்கம் ஒரு மொத்த வியாபாரி. பாதிச் சரக்கு பில்லோட வரும். மீதி, மேல ‘எஸ்டிமேட்’னு போட்ட துண்டுச் சீட்டோட வரும். விலை கம்மி. ஆனா, அந்தச் சரக்கு கணக்குலயே கிடையாது. கணக்குல இல்லாததை பில் போட்டு எப்படி விக்கறது? அதனால எங்க கடையிலும் துண்டுச் சீட்டு. எங்ககிட்ட வாங்கற எலெக்ட்ரீஷியன், வீட்டுக்காரர்கிட்ட நீட்டறதும் துண்டுச் சீட்டு. சீரியல் லைட் மாதிரிதான்... ஒரு பல்பு போனா வரிசையே இருட்டு! ‘நிழல் பொருளாதாரம்’னு பேப்பர்ல படிக்கும்போது, அது ஏதோ ஸ்விஸ் பேங்க்ல இருக்குன்னு நினைச்சிட்டிருந்தேன். எங்க கடைப் பரண் மேலயே இருந்திருக்கு!

அப்பாவோட கோபத்துலயும் நியாயம் இல்லாம இல்லை. ‘‘54 ரூபாய்க்கு என்னைப் பிடிச்சாங்க, கோடிக்கணக்குல அடிக்கிறவனை?’’ன்னார். அந்தச் சமயத்துல தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பும் டெஸ்ட் பர்சேஸைக் கைவிடச் சொல்லி எதிர்ப்பு தெரிவிச்சுது.

கோடிகளைத் தேடியும் போனாங்க. 2023 மே 16-லேர்ந்து ஜூலை 15 வரைக்கும் நாடு முழுக்க ஒரு சிறப்புச் சோதனை. ஜி.எஸ்.டி. பதிவுல இருக்கற முகவரிக்கே நேர்ல போய், ‘இங்கே கம்பெனி இருக்கா?’னு பார்த்தாங்க. 21,791 பதிவுகளுக்கு கம்பெனியே இல்லை! சந்தேகப்பட்ட வரி ஏய்ப்பு 24,010 கோடி ரூபாய். இந்தப் பேப்பர் கம்பெனிகள் பொருளே விக்காம பில்லை மட்டும் விக்கும். வாங்கறவர் அதைக் காட்டி, கட்டாத வரியை ‘கட்டிட்டேன்’னு கழிச்சுக்குவார். அங்கே பொருள் இல்லாம பில்... எங்க கடையில பில் இல்லாம பொருள். வியாதி ஒண்ணுதான்!

அதுக்காக சோதனைன்னு வந்தாலே எல்லாம் சரியாயிடும்னும் சொல்ல முடியாது. 2025 ஜூலையில பெங்களூருல யு.பி.ஐ. வரவை வெச்சு சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் போச்சு. உடனே நிறைய கடைகள்ல க்யூ.ஆர். கோடு காணாமப் போய், ‘கேஷ் மட்டும்’னு போர்டு வந்துச்சு. பயமுறுத்தினா நிழல் இன்னும் நீளமாத்தான் ஆகும்.

இன்னொண்ணு... பில் தராத கடையெல்லாம் திருட்டுக் கடை இல்லை. பொருள் விக்கறவங்க வருஷத்துக்கு 40 லட்சம் வரைக்கும் வியாபாரம் பண்ணா, பொதுவா பதிவே தேவையில்லை. பதிவு செஞ்ச கடையிலயும் 200 ரூபாய்க்குக் கீழே வாங்கினா, நாம கேட்டாத்தான் பில். கேட்டா தந்தே ஆகணும்! தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. நம்பர் 15 இலக்கம், ஆரம்பம் 33. நம்பரே இல்லாத சீட்டுல ‘டாக்ஸ்’னு தனியா காசு கேட்டா, உஷார்!

எங்க கடையில இப்போ எல்லாத்துக்கும் பில். எஸ்டிமேட் சரக்கை அப்பா நிறுத்திட்டார். வழக்கமா வர்ற நாலு எலெக்ட்ரீஷியன்கள் வேற கடைக்கு மாறிட்டாங்க. வியாபாரம் குறைஞ்சது நிஜம். அப்பா அதைப் பத்திப் பேசறதில்லை. ஆனா, வாசல்ல யாராவது டி-ஷர்ட் போட்டு நின்னா பதறாம நிமிர்ந்து பார்க்கறார்.

போன மாசம் என் கிளாஸ்மேட் ஒருத்தன் கடைக்கு வந்தான். டேபிள் ஃபேன் எடுத்தான். ‘‘மச்சான், பில் வேணாம். 18 பர்சென்ட் குறைச்சுக்கோடா!’’

அப்பா என்னைப் பார்த்தார். நான் பிரின்டரை ஆன் பண்ணேன்.

‘‘டீ வேணா வாங்கித் தர்றேன் மச்சான். பில்லை வாங்கிட்டுப் போ!’’