சுவருக்கு ஏற்ற வெண்மை

கடன் வாங்கி, கல் அடுக்கி, கூரை வார்த்து, ஒருவாறு வீடு கட்டி முடிப்போர் கடைசியில் சோர்ந்துவிடும் இடம் பெயிண்ட் அடிக்கும் இடமே. "வெள்ளைதானே, ஏதாவது அடியுங்கள்" என்று பெயிண்டரிடம் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வெள்ளை ஒன்றன்று. கடைக்காரர் நிற அட்டையை விரித்தால் வெள்ளையிலேயே எத்தனையோ சாயல்கள். நம் பகுதி மக்கள் அவற்றைக் கிரீம், ஐவரி, சந்தனம் என்று மூன்றே சொற்களில் அடக்கிவிடுவர். சற்றே மஞ்சளோ சிவப்போ இழையோடும், கண்ணுக்கு இதமான இவ்வெண்மைகளைப் பற்றியே சிறிது பேச விழைகிறோம்.

நம் பாட்டனார் காலத்தில் இத்தேர்வு எளிதாயிருந்தது. சூளையில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் நீற்றி, துணியில் வடிகட்டி, பிடிப்புக்குச் சிறிது பசை சேர்த்து மட்டையால் அடித்தனர். பளிச்சென்று வேண்டியோர் சிட்டிகை நீலம் கலந்தனர். சாந்தமாக வேண்டியோர் மஞ்சட்காவி கலந்தனர். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மீண்டும் கல்லாக இறுகியது. இன்றைய பெயிண்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டையாக்சைடு எனும் தூள். அதற்கு மூலமான இல்மனைட், குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் உள்ளது. முற்காலத்தில் ஈயம் கலந்த வெள்ளையும் உண்டு. அது குழந்தைகளின் மூளைக்குக் கேடு. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதித்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே டப்பாவின் மேலுள்ள குறிப்பைப் படித்து வாங்குவது நலம். பழைய கதவு சன்னலில் உரியும் பெயிண்டை, குழந்தைகள் அருகிருக்க உலர்ந்தபடியே சுரண்டலாகாது.

ஓசூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழிக் காலையில் மூடுபனி விலகவே நேரமாகும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின், வேலை தேடி வந்தோருக்காக வரிசை வீடுகள் பெருகின. பக்கச் சுவர்கள் ஒட்டியிருப்பதால் வெளிச்சம் முன்வாசல் வழியாக மட்டுமே நுழையும். அதுவும் எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம். எதிர்வீடு பச்சையாயின் நம் வீட்டுக் கூடமும் இளம்பச்சை காட்டும். இத்தகைய குளிர்ந்த, மங்கிய ஒளியில் தூய வெள்ளை சாம்பல் பூத்ததுபோல் தோன்றும். சிறிது மஞ்சள் கலந்த வெண்மையோ உயிர்ப்புடன் நிற்கும். மேற்கு வெயில் நேரே விழும் அறையில் அதே நிறம் மாலையில் வெண்ணெய்போல் மஞ்சளித்துவிடும். அங்கு இன்னும் இலேசான சாயலே போதும்.

இந்நிறத்தால் ஒரு குடும்பத்தில் மனத்தாங்கல் விளைந்ததை நாம் அறிவோம். கணவர் தொழிற்சாலையில் ஷிப்டு முறையில் பணிபுரிபவர். மருமகள் ஆசையோடு தேர்ந்து கூடத்திற்கு ஐவரி அடிக்கச் செய்தார். மாமியார் பார்த்துவிட்டு, "புதுச் சுவரா இது? புகை புடிச்ச மாதிரி இருக்கே!" என்றார். மருமகள் அதைத் தம் கைராசியின் மேல் விழுந்த சொல்லாகவே கொண்டார். சில வாரங்கள் அவ்வீட்டில் பேச்சு, 'சாப்பாடு ஆச்சு' என்பதோடு முடிந்தது. "சாமி, நீங்களே சொல்லுங்க, இது அழுக்கு நிறமா?" என்று அவர் நம்மைக் கேட்டபோது, அம்மாவின் கண்ணைச் சோதித்தீர்களா என்று நாம் திருப்பிக் கேட்டோம். இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. வயது ஏறுகையில் கண்ணின் வில்லை பழுப்பேறி, ஒளியையே குறைக்கும். நீல நிறத்தைப் பெருமளவு தடுக்கும். அறுவை முடிந்து கட்டு அவிழ்த்தவர்கள் வெள்ளைத் துணி நீலம் போட்டதுபோல் தெரிகிறது என்பார்கள். அந்த அம்மையாரும் அறுவைக்குப் பின் கூடத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்தாராம். "சுவரு நல்லாத்தாம்மா இருக்கு" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, தரையைத்தான் இன்னும் நன்றாகத் துடைக்கவேண்டும் என்றாராம்! மருமகள் சிரித்துக்கொண்டே இதை நமக்குச் சொன்னார்.

தேர்வு செய்வோர் அட்டையிலுள்ள விரலகலத் துண்டை நம்பவேண்டாம். நான்கு சுவரும் ஒன்றுக்கொன்று ஒளியை எறிவதால், பூசியபின் நிறம் அட்டையில் கண்டதைவிட அழுத்தமாகவே தெரியும். சிறிய டப்பா ஒன்று வாங்கி, இரு வேறு சுவர்களில் இரண்டடிச் சதுரம் இருமுறை பூசி, காலையிலும் நண்பகலிலும் விளக்கு வெளிச்சத்திலும் பாருங்கள். அருகில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தால் உள்ளே மறைந்திருப்பது மஞ்சளா, சிவப்பா, பச்சையா என்பது வெளிப்படும். தரையையும் மறக்கலாகாது. சிவப்புத் தரைக்கு ஐவரி உறவு. சாம்பல் நிற டைல்ஸுக்கும், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல்லுக்கும் மஞ்சள் மிகுந்தால் அழுக்காகத் தோன்றும். நீல ஒளி வீசும் எல்.இ.டி. விளக்கைப் போட்டுவிட்டுச் சுவரைக் குறைகூறுவோரும் உளர்.

புதிதாய்ப் பூசிய சிமென்டுக் காரை ஒரு மாதமேனும் உலரவேண்டும். ஈரத்தின்மேல் அடித்தால் உப்புப் பூத்து உரியும். பிறகு பட்டி, பிரைமர், அதன்மேல் எமல்ஷன் இருமுறை. பத்தடிக்குப் பத்தடி அறையில், பத்தடி உயரமெனில், கதவு சன்னல் நீங்கலாகச் சுவர் ஏறக்குறைய 350 சதுர அடி. மூன்று லிட்டரளவு போதுமானது. வெளிர் நிறத்தில் விரல் தடம் உடனே தெரியுமாதலால், சுவிட்சுப் பலகை அருகிலும் பிள்ளைகள் சாய்ந்தமரும் இடத்திலும் கழுவத்தக்க வகையே ஏற்றது. விலை சற்று அதிகந்தான்.

இயந்திரத்தில் கலக்கும் நிறம் ஒருமுறைக்கு மறுமுறை நூலளவு மாறக்கூடும். எனவே வேண்டிய அளவை ஒரே தடவையில் வாங்கி, நிற எண்ணை அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி வையுங்கள். டப்பா மூடியில் எழுதினால் அது எப்படியும் பழைய இரும்புக்குப் போய்விடும்.