எனக்கு ப்ரூரைட்டஸ் சார்!

ராத்திரியானால் அப்பாவுக்கு அரிப்பு. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. சொறிந்த கோடுகள் மட்டும். தேங்காய் எண்ணெய், வேப்பிலைக் குளியல், கத்தரிக்காய்க்குத் தடை... எல்லாம் ஆயிற்று. 'சொறியாதீங்கப்பா, புண்ணாயிடும்' என்று நான் அதட்டியதும் உண்டு.

ஒரு டாக்டர் சீட்டில் 'ப்ரூரைட்டஸ்' என்று எழுதி, களிம்பும் மாத்திரையும் கொடுத்தார். அப்பாவுக்கு ஏக நிம்மதி. வியாதிக்குப் பேர் தெரிந்துவிட்டதே! பக்கத்து வீட்டுக்காரரிடம், 'எனக்கு ப்ரூரைட்டஸ் சார்' என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'ப்ரூரிரே' என்றால் அரிப்பது. ப்ரூரைட்டஸ் என்றால் அரிப்பு. அவ்வளவுதான்! நாங்கள் தமிழில் சொன்னதை டாக்டர் லத்தீனில் திருப்பிச் சொல்லியிருக்கிறார். பலர் இதை 'ப்ரூரைட்டிஸ்' என்று தப்பாக எழுதுகிறார்கள். 'ஐட்டிஸ்' என்பது டான்சிலைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் போன்ற அழற்சி நோய்களுக்கு ஒட்டும் கிரேக்க வால். இதற்கு அந்த வால் கிடையாது.

அதே வேரில் பிறந்தது 'ப்ரூரியன்ட்'. காமச் சமாச்சாரத்துக்கு அலைகிற மனசைச் சொல்வது. தமிழும் சளைத்ததில்லை. நமக்கு நமைச்சல், ஊறல், தினவு என்று எத்தனை வார்த்தைகள்! சண்டைக்குத் தோள்கூடத் தினவெடுக்கும்.

1660-ல் ஸாமுவேல் ஹாஃபன்ரெஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர், சொறியத் தூண்டும் சங்கடமான உணர்வே அரிப்பு என்று இலக்கணம் சொன்னார். இன்றும் மருத்துவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். அதிலும் காரணம் இல்லை, கவனித்தீர்களா?

ஆறு மாசம் கழித்து வேறொரு டாக்டரிடம் போனோம். தோலை ஒரு நிமிஷம் பார்த்தார். 'எதனால அரிக்குதுன்னு யாராவது பார்த்தாங்களா?' என்றார். நான் விழித்தேன். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தோலில் ஒன்றுமில்லை; சிறுநீரகம் கெட்டிருந்தது. அப்புறம் டயாலிசிஸ்.

தோலில் ஒன்றும் தெரியாமல் ஆறு வாரத்துக்கு மேல் உடம்பு அரித்தால் கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் லத்தீனில் பேர் சொன்னால், 'சரி சார், எதனால?' என்று கேளுங்கள்.

அகராதியில் வேரைத் தேடிய நான், அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.