ஐசியு இருந்தது, டாக்டர் இல்லை

பெரியப்பா பட்டாளத்துக்காரர். ஓய்வுக்குப் பிறகு எண்ணூரில் செக்யூரிட்டி வேலை. சர்க்கரை உண்டு, காலில் சின்னப் புண். ஒரு ராத்திரி நடுக்கம், மூச்சிரைப்பு, சம்பந்தமில்லாத பேச்சு. "ஜுர வேகத்துல உளர்றாரு"ன்னு விட்டுட்டோம். (என் தப்பும்தான்.)

காலையில் போன சின்ன ஆஸ்பத்திரியில் ஐசியு இருந்தது, ஐசியு டாக்டர் இல்லை. "பெரிய இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க." எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் ஊர்ந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் சொன்ன பெயர்: செப்சிஸ். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, கட்டுமீறித் தன் உறுப்புகளையே தாக்குவது. 2017-ல் உலகில் சுமார் 1.1 கோடிப் பேர் இதில் இறந்ததாக மதிப்பீடு. ரத்த அழுத்தம் சரிந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏறியாக வேண்டும்.

ஐசியு டாக்டர் இல்லாத குறைக்கு, அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் டெலி ஐசியு உண்டு. எங்கோ உட்கார்ந்திருக்கும் நிபுணர் திரையில் பிரஷரையும் ரத்தத்தின் லாக்டேட் அளவையும் பார்த்து, படுக்கையருகே நிற்கும் நர்ஸுக்குச் சொல்வார். நம்மூரிலும் 2020 கொரோனா சமயத்தில் டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் வீடியோவில் மற்ற ஊர் ஐசியுக்களுக்கு ஆலோசனை சொன்னார்கள்.

பெரியப்பா பிழைத்தார். கால்விரல் இரண்டு போச்சு. முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்ட அட்டை அன்றைக்கும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.