தலைமாட்டு மேசை

(விடுதி மாணவியர் சார்பில், பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு)

மனித வாழ்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உறக்கத்தில் கழிகின்றது. அறுபது வயது வரை வாழ்பவர் இருபது ஆண்டுகளைத் தூக்கத்திற்கே கொடுத்துவிடுகிறார். அப்படியிருந்தும், வரவேற்பறையை அழகு செய்வதில் நாம் காட்டும் அக்கறையில் கால் பங்கையாவது படுக்கையறைக்குக் காட்டுகிறோமா? வரவேற்பறையை விருந்தினர் பார்ப்பார்கள். படுக்கையறையை நம்மைத் தவிர வேறு யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். அதிலும் கட்டிலின் தலைமாட்டில் நிற்கும் சின்னஞ்சிறு மேசையின் நிலை மிகவும் பரிதாபம். சீப்பு, சில்லறைக் காசு, மாத்திரை அட்டை, பழைய பேருந்துச் சீட்டு ஆகிய அனைத்திற்கும் அதுவே புகலிடம்!

விடுதியில் வாழும் எங்களுக்கோ வரவேற்பறையும் இல்லை, தனி அறையும் இல்லை. எங்கள் படுக்கைக் கூடத்தில் நாற்பது இரும்புக் கட்டில்கள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு மர மேசை. ஒன்றரை அடி சதுரம், இரண்டடி உயரம், மேலே ஓர் இழுப்பறை, கீழே ஒரு தட்டு. இவ்வளவுதான். ஆனால் இந்த ஒன்றரை அடிதான் இவ்வளவு பெரிய கட்டடத்தில் எங்களில் ஒவ்வொருத்திக்கும் சொந்தமான இடம். ஆகவே இதை எப்படி அழகுபடுத்துவது என்பதைப் பற்றி நாங்கள் சிந்தித்த அளவுக்கு வேறு யாரும் சிந்தித்திருக்க மாட்டார்கள் என்று துணிந்து கூறலாம்.

மேசை புதிது, ஆனால் தலைமாடு நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் கட்டிலில் படுத்தவர்கள் அல்லர், பாயில் படுத்தவர்கள். பாய்க்குப் பக்கத்தில் மேசை எதற்கு? சுவரிலேயே மாடக்குழி இருந்தது. சிம்னி விளக்கும் தீப்பெட்டியும் அதில் இருக்கும். தலைமாட்டில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர், அதன் வாயை மூடி ஒரு தம்ளர், பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி, 1893-ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டுத் தலைவலிகளைக் கவனித்து வரும் அமிர்தாஞ்சன் புட்டி. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி வேண்டியதை எடுப்பார்கள். ஒவ்வொரு பொருளும் அதனதன் இடத்தில் இருந்ததே அதற்குக் காரணம்.

மேலை நாடுகளில் தலைமாட்டு மேசைக்கு வேறொரு வரலாறு உண்டு. சொன்னால் சிரிப்பீர்கள். வீட்டுக்குள் குழாயும் கழிவறையும் வராத காலத்தில், குளிர்கால இரவில் வெளியே செல்ல அஞ்சியவர்கள் அதற்கென ஒரு பாத்திரத்தைக் கட்டிலருகே வைத்திருந்தார்கள். அந்தப் பாத்திரத்தை மறைக்கக் கதவு வைத்த சிறு பெட்டி தேவைப்பட்டது. இன்று பெரிய கடைகளில் பளபளவென்று நிற்கும் தலைமாட்டு மேசைகளின் முன்னோர்களுள் அதுவும் ஒன்று! தோற்றம் எளிமையாக இருந்தாலும் பயன் பெரிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஓவியர் வின்சென்ட் வான்கா 1888-ஆம் ஆண்டு பிரான்சிலுள்ள ஆர்ல் நகரில் தாம் தங்கியிருந்த படுக்கையறையை ஓவியமாகத் தீட்டினார். பெரிய மரக் கட்டில், இரண்டு நாற்காலிகள், ஒரு சிறு மேசை. மேசை மேல் தண்ணீர்க் கூஜாவும் கிண்ணமும் சில புட்டிகளும். விலையுயர்ந்த பொருள் ஒன்றுகூட அதில் இல்லை. பார்ப்பவர் மனத்தில் ஓய்வு என்ற உணர்வு தோன்ற வேண்டும் என்பதே தம் எண்ணம் என்று அவர் தம்பிக்கு எழுதினார். அந்த ஓவியத்தை அவர் மூன்று முறை தீட்டினார். அவை இன்று ஆம்ஸ்டர்டாம், சிகாகோ, பாரிஸ் நகரங்களின் அருங்காட்சியகங்களில் உள்ளன. எங்கள் நூலகப் புத்தகம் ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, “இது நம்ம விடுதி மேசை மாதிரியே இருக்கே!” என்று நாங்கள் வியந்தோம்.

கிரிமியப் போரின்போது, 1854-ஆம் ஆண்டு, காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்யச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். செவிலியர் பணி பற்றி அவர் எழுதிய நூலில், நோயாளியின் கண்ணெதிரே உள்ள பொருள்களைப் பற்றியும் அக்கறையோடு எழுதியிருக்கிறார். நாள் முழுவதும் ஒரே சுவரைப் பார்த்துக் கிடப்பவருக்கு ஒரு பூங்கொத்தின் நிறமும் மருந்தாகும் என்பது அவர் கருத்து. இரவில் செடிகள் வெளிவிடும் காற்று நோயாளிக்குக் கேடு என்ற அச்சத்தையும் அவர் ஏற்கவில்லை. அவரே பிற்காலத்தில் பல்லாண்டுகள் நோயுற்றுப் படுக்கையில் இருந்தவர். படுத்திருப்பவரின் கண்ணை அறிந்தவர்.

இங்கேதான் எங்கள் கட்டுரையின் கருத்து இருக்கிறது. வரவேற்பறை, நின்று பார்ப்பவருக்காக. தலைமாட்டு மேசை, படுத்துப் பார்ப்பவருக்காக. இதை மனத்தில் கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

நாங்கள் பழக்கத்தில் கண்டறிந்த சில முறைகளை இளைய தங்கையருக்காக இங்கே தருகிறோம்.

முதலாவதாக, மேசையின் உயரம் மெத்தையின் மேற்பரப்புக்குச் சமமாகவோ, ஓரிரு அங்குலம் கூடுதலாகவோ இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் கை மேசை விளிம்பில் இடிக்கும். தாழ்ந்தால் தண்ணீர்த் தம்ளரைத் தேடிக் கை தடுமாறும்.

இரண்டாவதாக, மேசையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விட வேண்டும். அந்த வெற்றிடம் கைக்கு உரியது. இரவில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைக்கவும், படித்துக் கொண்டிருக்கும் புத்தகத்தை வைக்கவும் இடம் வேண்டுமல்லவா?

மூன்றாவதாக, பொருள்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் அழகில்லை. உயரமாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, தாழ்வாக ஒன்று என்று அமைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். ஹார்லிக்ஸ் புட்டியில் நீர் ஊற்றி மணிப்பிளான்ட் கொடி வைக்கலாம். அதற்கு முன்னே குடும்பப் படம். அதற்கும் முன்னே ஒரு சிப்பியோ சிறு தட்டோ. புட்டி நீரை வாரம் இருமுறை மாற்ற மறக்கக் கூடாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது. அழகுக்காக வைத்தது ஆபத்தாகி விடக் கூடாதே!

நான்காவதாக, விளக்கு. விளக்கின் ஒளி புத்தகத்தின் மேல் விழ வேண்டுமே தவிரக் கண்ணில் விழக் கூடாது. நின்று பார்த்தால் சரியாகத் தோன்றும் விளக்கு, தலையணையில் தலை வைத்துப் பார்த்தால் கண்ணைக் குத்தும். ஆகவே படுத்துப் பார்த்துத்தான் விளக்கை வைக்க வேண்டும். தண்ணீரும் மின்விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தல் ஆகாது. மின்சாரம் நின்றால் எடுக்க வேண்டிய டார்ச் என்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

இன்று பல வீடுகளில் தலைமாட்டு மேசையில் முதலிடம் பெற்றிருப்பது கைப்பேசி. அதன் திரையின் நீல ஒளி, உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் என்னும் சுரப்பைக் குறைக்கிறது என்று அறிவியல் கூறுகிறது. எங்கள் விடுதியில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. இதற்காக நாங்கள் முணுமுணுத்தது உண்டு. ஆனால் ஒன்பது மணிக்கு விளக்கணைத்தால் ஒன்பதரைக்குள் கூடம் முழுவதும் குறட்டை ஒலிதான்!

இனி, மேசைகளுக்குள் நடந்த ஒரு போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் எங்கள் விடுதி நாள் வரும். அன்று சிறந்த மேசைக்குப் பரிசு உண்டு. 2024-ஆம் ஆண்டு நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தோம். அவ்வாண்டு சிலருடைய பெற்றோர் நகரத்திலிருந்து பிளாஸ்டிக் ரோஜாக்களும், மின்னும் சரவிளக்குகளும், பஞ்சுப் பொம்மைகளும் வாங்கி வந்து குவித்தார்கள். பரிசும் அவர்களுக்கே கிடைத்தது. நடுவர்கள் வந்தபோது கடைசி வரிசையில் ஏழு மேசைகள் துண்டு போட்டு மூடப்பட்டிருந்தன. அவற்றுக்கு உரியவர்கள் வலை வீசுவோரின் பிள்ளைகள், பனை ஏறுவோரின் பிள்ளைகள், பீடி சுற்றுவோரின் பிள்ளைகள். துண்டுக்குக் கீழே என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. நாற்பது மேசைகளும் ஒரே தச்சர் செய்தவை. ஒரே அளவு, ஒரே வண்ணம். எங்களுக்குள் வேற்றுமை கூடாது என்பதற்காகத்தானே அப்படிச் செய்தார்கள்? மறுநாள் காப்பாளர் சிஸ்டரிடம் சென்றோம்.

“சிஸ்டர், இந்தப் போட்டி வேண்டாம் சிஸ்டர்” என்றோம்.

சிஸ்டர் சற்று நேரம் யோசித்தார்கள். “போட்டியை நிறுத்திட்டா துண்டு போட்டு மூடினவங்க மேசையைத் திறந்துடுவாங்களா? அவங்க திறக்கிற மாதிரி ஒரு போட்டி நடத்துங்க. எப்படின்னு நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்கள்.

யோசித்தோம். அடுத்த ஆண்டுக்கு இரண்டே விதிகள் செய்தோம். கடையில் புதிதாக வாங்கிய பொருள் எதுவும் மேசையில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு பொருளும் இரவில் தனக்கு எதற்கு வேண்டும் என்பதை அதற்கு உரியவள் சொல்ல வேண்டும்.

2025 ஜனவரியில் எங்கள் கூடத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! மணப்பாட்டுத் தங்கையின் மேசையில் அவள் பாட்டி முடைந்த ஓலைக் கொட்டான். அதற்குள் ஊசி, நூல், பொத்தான். பத்தமடைத் தங்கையின் மேசையில் தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்த கையகலப் பாய்த்துண்டு. தண்ணீர்த் தம்ளரின் ஈரம் மரத்தில் படியாதிருக்க அது விரிப்பு. ஒரு மேசையில் செபமாலை, ஒரு மேசையில் பிள்ளையார் படம், ஒரு மேசையில் தஸ்பீஹ் மணி. மாலையில் மலர்ந்து விடியலில் உதிரும் பவழமல்லியைக் கொல்லையிலிருந்து பொறுக்கி வந்து சிறு தட்டில் பரப்பியிருந்தாள் ஒருத்தி. கடைசி வரிசையில் ஒரு துண்டுகூட இல்லை.

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கையின் மேசை ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. ஒரு பழைய அலாரக் கடிகாரம் மட்டும்தான். அதுவும் இரண்டரை மணி நேரம் பின்தங்கி ஓடியது. நடுவராக வந்த டீச்சர் அன்போடு, “கடிகாரம் தப்பா ஓடுதேம்மா, சரி பண்ணித் தரட்டுமா?” என்று கையை நீட்டினார்கள். அந்தச் சிறுமி கடிகாரத்தை இரு கைகளாலும் பொத்திக் கொண்டாள்.

“தப்பு இல்ல டீச்சர். இது எங்கம்மா ஊரு மணி.”

அவள் தாய் குவைத்தில் ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக் கொள்ளும் வேலையில் இருக்கிறார். இவள் விடுதிக்கு வந்த அதே 2024 ஜூன் மாதத்தில் அவர் விமானம் ஏறினார். நமக்கு இரவு ஒன்பது மணி என்றால் அங்கே மாலை ஆறரை. “விளக்க அணைக்கும்போது பாத்துக்குவேன் அக்கா. இப்ப அம்மா அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு குடுத்துக்கிட்டு இருப்பாங்க. நடு ராத்திரி முழிச்சாலும் பாப்பேன். அம்மா தூங்கிட்டாங்கன்னா நானும் தூங்கிடுவேன்” என்று பிறகு எங்களிடம் சொன்னாள்.

சேர்ந்த புதிதில் இரவெல்லாம் அழுதுகொண்டிருந்த பெண் அவள். அழுகை எப்போது நின்றது, எதனால் நின்றது என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது.

டீச்சர் கையை மெதுவாக எடுத்துக் கொண்டார்கள். அன்று முதற்பரிசு பவழமல்லி மேசைக்குத்தான் சென்றது. அது நியாயமான பரிசே. ஆனால் அந்த வாரத்திலேயே சிஸ்டர் கூடத்தின் வாயிலில் ஒரு பெரிய சுவர்க் கடிகாரத்தை மாட்டச் செய்தார்கள். காலை மணிக்கு எழுந்திருக்க அந்தச் சிறுமி இனித் தன் கடிகாரத்தைத் திருத்த வேண்டியதில்லை அல்லவா?

நின்று பார்த்தவருக்கு அது பழுதான கடிகாரம். படுத்துப் பார்த்தவளுக்கோ அது தாயின் அருகாமை. அழகு என்பது பொருளின் விலையில் இல்லை என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அன்று கண்ணால் கண்டோம்.

தோழியரே! அரசுப் பொதுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்பினராகிய நாங்கள் எங்கள் இழுப்பறைகளைக் காலி செய்துவிட்டுப் புறப்படுவோம். ஜூன் மாதத்தில் அவ்விடங்களுக்குப் புதிய தங்கையர் வருவார்கள். முதல் இரவு எவ்வளவு நீளமானது என்பது விடுதியில் இருந்தவர்களுக்கே தெரியும். ஆகவே ஒன்பதாம் வகுப்புத் தங்கையரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருக்கிறோம். புதிதாக வரும் ஒவ்வொருத்தியின் மேசையிலும் மூடி போட்ட ஒரு தம்ளர் தண்ணீரும், நீருள்ள புட்டியில் ஒரு நந்தியாவட்டைக் கிளையும் வைக்க வேண்டும். வேறொன்றும் வைக்கக் கூடாது. மீதி இடம் அவளுடையது. வீட்டிலிருந்து எதைக் கொண்டு வந்திருக்கிறாளோ, அதை அவளே எடுத்து வைக்கட்டும்; நேரம் தவறி ஓடும் கடிகாரமாக இருந்தாலும் சரியே.