அம்மாவின் மூச்சுக்கு இந்தியில் என்ன?

அம்மாவுக்கு முக்திநாத் போகணும். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. நேபாளத்தில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இந்தி பலருக்குப் புரியும் என்பதால் மொபைல் ஆப்பில் படிக்க ஆரம்பித்தேன். 'ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது' என்று தொடங்கியது பாடம்.

"அங்க போயி ஆப்பிளா விக்கப்போறே? அம்மாவுக்குப் பிரஷர் இருக்குதல்ல கண்ணு, அதைச் சொல்லப் படி" என்றார், போத்தனூரில் எங்கள் தெருவில் இந்தி டியூஷன் எடுக்கும் அக்கா.

அவர் சொல்லிக்கொடுத்த முதல் வாக்கியம்: 'மா கோ ஸான்ஸ் லேனே மே தக்லீஃப் ஹை.' அம்மாவுக்கு மூச்சு விடச் சிரமமாக இருக்கிறது. 'ஸான்ஸ்' மூக்கால் வரணும். வராமல் 'ஸாஸ்' என்றால் மாமியார்! அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

நீங்களும் அப்பா, அம்மாவோடு வெளிநாடு கிளம்புகிறீர்களா? விலையைக் கைஜாடையில் கேட்டுவிடலாம். அவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று சொல்லத்தான் மொழி வேண்டும். அந்த நாலு வாக்கியத்தை முதலில் படித்துவிடுங்கள்.